கல்யாணத்தில் ஒருவரும் பேசவில்லை

“சாப்ட்வேர் அப்டேட் ஆனதுக்கப்பறம் கல்யாணத்துல ஒருத்தருமே பேசலீங்க அக்கா.”

குமாரபாளையம் போகும் பேருந்தில், முன் இருக்கையில் லேப்டாப் பையை மடியில் வைத்திருந்த பெண் சொன்னாள். ஸ்டுடியோ வைத்திருக்கிறாளாம், பழைய கல்யாண டிவிடிகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருகிறாள்.

“ஏஞ் சாமி, டிஸ்க்குல கீறலா?” என்றார் பக்கத்தில் இருந்த நடுத்தர வயதுப் பெண்.

“நானும் அப்படி நெனச்சு மூணு நாள் தொடச்சுத் தொடச்சுப் போட்டேனுங்க. படம் வருது, சத்தம் வரலை. கடைசியில பாத்தா, அப்டேட்டுல செட்டிங் மாறி, இங்கிலீஷ்னு குறிச்ச சத்தத்தை மட்டுந்தான் எடுக்குது. நம்மூரு கல்யாண டிஸ்க்குல பாஷையை யாருங்க குறிக்கறாங்க? எல்லாச் சத்தமும் வேணும்னு மாத்திவிட்டேன், வந்திருச்சு.”

“நானா இருந்தா டிஸ்க்கைத் தூக்கி வீசியிருப்பேன். கெட்டிக்காரி கண்ணு நீ! யாரூட்டுக் கல்யாணம்?”

“எங்க தெருவுல தறி ஓட்டறவரு, தொண்டை ஆபரேசனுக்கப்பறம் பேச்சே போயிருச்சே, அவரு மக கல்யாணமுங்க. டிஸ்க்குல அவரு பந்தியில நின்னுக்கிட்டு, ‘இந்தப் பக்கம் ரசம் வரலை’ன்னு சத்தம் போடறாரு.”

“அவரு சம்சாரம் கேட்டாங்களா?”

“அவங்கூட்டு டிவியில போட்டதும் கேட்டாங்க. ‘இதோ கொண்டாறேனுங்க’ன்னு எந்திரிச்சிட்டாங்க அக்கா.”