கல்ஜாக் கிண்ணம்

ஆட்டிறைச்சியை மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைத்தால்தான் சாறு தெளிவாக இறங்கும். கசாக் மக்களாகிய எங்களிடத்தில், பிள்ளை பெற்றவளுக்கென்றே ஓர் ஆட்டை அறுத்து ஊட்டுவது வழக்கம். இதனைக் கல்ஜா என்போம். என் கணவருடைய தம்பி ஒராஸின் மனைவி ஜிபெக்குக்கு அதைச் சமைத்தவள் நான். விசாரணை அதிகாரி ஐயா, தாங்கள் கேட்டபடி முறையாகவே கூறுகிறேன்.

மாவட்ட மருத்துவமனையில் சோதனைக் குழாய்களைக் கழுவும் பணியில் சேர்ந்தேன். நாற்பது வயதுக்குப் பின் படித்துத் தேறி, இரத்தப் பரிசோதகர் ஆனேன். ஆகவே கிரியாட்டினின் பற்றி என்னால் விளக்க இயலும். அது தசைகளில் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதனை வெளியேற்றுகிறது. இரத்தம் பெருமளவு இழந்தோ வேறு காரணத்தாலோ சிறுநீரகம் திடீரெனப் பழுதுபட்டால் அக்கழிவு இரத்தத்தில் தேங்கி உயரும். வெந்த இறைச்சியை மிகுதியாக உண்டாலும் சற்று உயரும்; ஆனால் விரைவில் தணிந்துவிடும்.

எனக்குப் பிள்ளையில்லை. எங்களவரில் தம்பி தன் தலைப்பிள்ளையை அண்ணன் வீட்டுக்குக் கொடுப்பதுண்டு. ஒராஸ் சம்மதித்திருந்தான். எங்கள் மருத்துவமனையில் நடந்த பிரசவத்தில் ஜிபெக்குக்கு இரத்தம் ஏராளமாகப் போயிற்று. மயக்கம் தெளிந்து மகனைக் கையில் வாங்கியவள் மனம் மாறிவிட்டாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. இவனக் குடுக்க மாட்டேன். அடுத்தது உங்களுக்குத்தான்.”

“அடுத்தது வர்றதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும்டி.”

இருவரும் சிரித்தோம்.

மறுநாள் அவள் கையிலிருந்து இரத்தம் எடுத்தேன். “நீங்க குத்துனா மட்டும் வலிக்கவே மாட்டேங்குது,” என்றாள். கிரியாட்டினின் உயர்ந்திருந்தது. டாக்டர் சாபித் முடிவைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

“என்ன பால்கியா, இது ஏறியிருக்கே? நகரத்துக்கு அனுப்பிடலாமா?”

“கல்ஜா, டாக்டர். நேத்து முழுக் கிண்ணத்தையும் காலி பண்ணிட்டா. மூத்திரமும் நல்லாத்தான் போகுது.”

“ஒன் சமையல் ரத்தத்துலயே தெரியுதே,” என்று சிரித்தார். படுக்கையருகே இருந்து கவனித்தவள் நானே என்பதால் நம்பினார்.

அதற்கடுத்த நாளும் எண் ஏறியது. அடுத்த கிண்ணத்தைக் காரணம் கூறினேன். ஜிபெக்கின் முகமும் கால்களும் வீங்கின.

“அக்கா, மூச்சு முட்டுது. டாக்டரக் கூப்பிடுங்க.”

“பால் கட்டியிருக்கும். கொஞ்சம் கண்ண மூடு.”

என் கையைப் பிடித்தபடியே கண்களை மூடினாள். பின்னர் டாக்டர் தாமாக வந்து பார்த்து நகரத்து வண்டியை அழைத்தார். அது வந்துசேரும் முன்பே அவள் உயிர் பிரிந்தது.

நான் அழுதேன். அதனையும் பதிவு செய்யுங்கள். எனினும் தாயற்ற குழந்தைக்கு ஒரு தாய் இன்றியமையாதவள். இன்று அவன் என் மடியில் மட்டுமே உறங்குகிறான்.

தாங்கள் கேட்கும் கடைசி வினாவுக்கும் விடையளிக்கிறேன். குமட்டலால் ஜிபெக் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கவில்லை. கிண்ணங்கள் நிறைந்தபடியே திரும்பின. பிள்ளையை வளர்க்கப் போகிறவளின் உடம்பு தேற வேண்டும் அல்லவா? அந்தக் கல்ஜாவை நான் உண்டேன்.