அம்மா வேண்டாம் என்ற பட்டம்

பட்டமளிப்பு விழா அங்கியின் கை எனக்கு நீளமாக இருந்தது. முந்தின நாளே உள்பக்கம் மடித்துத் தைத்துவிட்டேன். எதையும் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கில்லை, ஐயா.

அம்மா பிரசவ வார்டில் முப்பத்தெட்டு வருடம் நர்ஸ். அவளிடம் தொழில் பழகாத டாக்டர் அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. அவளுக்கு மூச்சிரைப்பு முற்றியதும், முனைவர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நான் வீட்டோடு வந்துவிட்டேன். ஒன்பது வருடம். குறையாகச் சொல்லவில்லை, சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம். சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மா சிரித்தாள்.

“எனக்கெதுக்குடி டாக்டர் பட்டம்? கண்ணு முழிச்சுப் படிச்ச பிள்ளைங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? வேண்டாம்னு எழுதிப் போட்டுடு.”

“ஒரே ஒரு தடவை மேடையேறிட்டு வந்துடும்மா. எனக்காக.”

“உனக்கு வேணும்னா நீ படிச்சு வாங்கு.”

குத்திக்காட்ட அவள் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

வேண்டாம் என்று சொல்லத்தான் பதிவாளருக்குப் போன் செய்தேன். வாயில் வேறு கேள்வி வந்தது. உடம்பு முடியாதவர், விழாவுக்குள் ஏதாவது ஆகிவிட்டால்?

“அப்பவும் பட்டம் உண்டும்மா. மக நீங்க வந்து வாங்கிக்கலாம்,” என்றார். நல்ல மனிதர். சம்மதக் கடிதத்தில் அம்மாவின் கையெழுத்தை நானே போட்டு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து, பகல் பதினொரு மணிக்கு அம்மாவுக்கு இழுப்பு வந்தது. இன்ஹேலர் என் கைப்பையில் இருந்தது. காலையிலேயே எடுத்து வைத்திருந்தேன். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை கூப்பிட்டாள். அப்புறம் குரல் வரவில்லை. கட்டில் சட்டத்தைத் தட்டினாள். தட்டுவது நின்றதும் தண்ணீரை நிறுத்திவிட்டுப் போய், நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டேன். இன்ஹேலரை அவள் மேசையில் வைத்தேன். பிறகு அழுதேன். அது நடிப்பில்லை. இன்றும் பதினொரு மணியானால் அழுகிறேன்.

விழாவில் அவள் பெயரைச் சொன்னதும் அரங்கமே எழுந்து நின்றது. பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அத்தனை கைதட்டலை நான் அதுவரை மேடையில் நின்று கேட்டதில்லை.

கௌரவப் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போடும் வழக்கமில்லை என்று பதிவாளர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. கல்லறையில் ‘டாக்டர்’ என்று பெரிய எழுத்தில் வெட்டச் சொன்னேன். அம்மாவுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை, ஐயா.