மூன்று டிவிக்கு ஒரே ஸ்டிக்

வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட டிவி இருந்தால் இணையப் படங்களுக்கான ஸ்டிக்கை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வாங்குவதுதான் நல்லது. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன், ஐயா. ஹாலுக்கு விலை உயர்ந்ததும் உள் அறைகளுக்கு மலிவானதுமாக வாங்கினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும், வயதானவர்கள் குழம்பிப்போவார்கள். எங்கள் வீட்டில் ஹாலில் ஒரு டிவி, என் அறையில் ஒன்று, அப்பா படுத்திருக்கும் அறையில் ஒன்று. எல்லாமே பழசு. படம் தெளிவாக இருக்கும், இணையம் மட்டும் வராது. பின்னால் செருகினால் போதும் என்று கடைக்காரர் விரல் நீளத்துக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இது நாலு மடங்கு துல்லியமா காட்டும்மா."

"எங்க பழைய டிவிக்கு அது எதுக்குங்க?"

அவர் சிரித்துவிட்டார். "அப்ப இந்தச் சின்னதே போதும். ரிமோட்ல மைக் இருக்கு. பட்டனை அழுத்திட்டுப் பேசினா அதுவே தேடிக் குடுத்துடும்."

"மைக் இல்லாம இன்னும் குறைஞ்ச விலையில இருக்கா? வீட்ல ஒருத்தருக்குப் பேச்சு வராது."

"இல்லம்மா. இப்ப எல்லாத்துலயும் வந்துடுது."

அப்படித்தான் அந்த மைக் எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் தேடிப் போகவில்லை.

அப்பா ஏலம் விடுபவராக இருந்தவர். பழைய மேசை நாற்காலிகளை அவர் கூவி விற்கும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அதே குரலில்தான் வீட்டு வாசலில் நின்று "பாப்பா" என்று என்னைக் கூப்பிடுவார். பக்கவாதம் வந்தபோது வலது கையும் காலும் போயின, குரலும் போயிற்று. பேச்சுப் பயிற்சி கொடுத்தவர், திரும்ப வர வாய்ப்பு உண்டு, விடாமல் சொல்லிக்கொடுங்கள் என்றார். கண்ணாடியை அவர் முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு "பா, ப்பா" என்று தினமும் சொல்லிக்கொடுத்தேன். அவர் வாயை ஒரு பக்கமாக இழுத்துக் காற்றை மட்டும் விடுவார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கண்ணில் நீர் நிற்கும். அதைப் பார்த்து நானும் அழுதிருக்கிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். அங்கே லென்ஸ் தேய்ப்பவர் ஒருவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். வீட்டுக்கே வந்து அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அவர் என்னிடம் சொன்னார்: "வலிக்குதுன்னு சொல்ற அளவுக்குப் பேச்சு வந்துட்டா போதும். பகல்ல ஒரு ஆளை வச்சுட்டு நாம போய் வந்து பாத்துக்கலாம். வாயில்லாத மனுஷனை எப்படி விட்டுட்டு வருவ?" அவர் சொன்னது நியாயம். காத்திருந்தார். பிறகு வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அவர் மனைவிக்குக் கண்ணாடி பொருத்திக் கொடுத்தது நான்தான். மூக்கில் அழகாக உட்கார்ந்தது.

கதைக்கு வருகிறேன். ஸ்டிக் எல்லாம் ஒன்றுபோல இருந்ததில் ஒரு சின்னச் சங்கடம், ரிமோட்டுகளும் ஒன்றுபோல இருந்தன. ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் துடைத்தபோது எது எதனுடையது என்பது மாறிவிட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த படத்தை ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படம் தானாக நின்றது. தேடும் கட்டம் திறந்தது. அதில் எழுத்துகள் வரத் தொடங்கின.

பழைய குத்துச்சண்டை.

அப்புறம் இன்னொரு முறை, குத்துச்சண்டை போடு. கொஞ்ச நேரம் கழித்து, என்ன எழவு வேலையே செய்ய மாட்டேங்குது.

பக்கத்து வீட்டு ரிமோட்டாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுந்து அப்பாவின் அறையை எட்டிப் பார்த்தேன். ரிமோட்டை ஏல மைக் போல வாயருகே பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தாழ்த்தினார். வாயைக் கோணலாக்கிக்கொண்டார். எச்சில்கூட வழிந்தது. நான் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

அவசரப்பட்டு ஒருவரைத் தவறாக நினைக்கக்கூடாது. பேச்சு அன்றைக்குத்தான் வந்திருக்கலாம், எனக்கு ஆச்சரியமாகச் சொல்லக் காத்திருக்கலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஹால் ரிமோட்டை அவரிடமே விட்டுவைத்தேன்.

மறுநாள் அண்ணன் வந்தான். மாதத்தில் ஒருநாள் வந்து அப்பாவின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவான். அழுவதற்காகச் சாத்துகிறான் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ரிமோட் வேலை செய்யவில்லை என்று அப்பா அவனிடம் காட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவர் கட்டைவிரல் அந்தப் பட்டன்மேலேயே இருந்தது. எதிரே டிவியில் வரிவரியாக வந்தது.

பேசுறேன்னு தெரிஞ்சா அவ போயிடுவா.

உன் பொண்டாட்டி என்னைய ஒரு வாரம் வச்சுப்பாளா.

இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டுங்கப்பா. இது அண்ணன்.

அந்தக் கண்ணாடிக்கடைப் பையன் வந்தப்பவே வாயைத் திறந்திருந்தா என் கதி என்னாயிருக்கும்.

ஒவ்வொரு வரிக்கும் கீழே, இந்தப் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை என்று டிவி மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் துணியை மடித்து முடித்தேன். போகும்போது அண்ணன் செருப்பை மாட்டியபடியே, "ஒரு வார்த்தை பேச மாட்டாரான்னு ஏங்குது மனசு" என்றான். "ஆமாண்ணா" என்றேன்.

எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் கோபக்காரி இல்லை. அன்றைக்கு அவருக்கு உடம்பு துடைத்து, தலை வாரி, எதிரே உட்கார்ந்து கேட்டேன்.

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமாப்பா?"

என் கண்ணைப் பார்த்தே, இல்லை என்று தலையசைத்தார்.

"எதுவானாலும் சொல்லலாம்ப்பா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

மறுபடியும் தலையசைத்தார். இடது கையால் என் கன்னத்தைத் தொட்டார்.

அவருக்குத் தேவை வந்தால் பேசுவார் என்று எனக்குத் தோன்றியது. பசி, தாகம், வலி இவற்றில் ஏதாவது வந்தால் மனிதன் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். அது ஒரு பயிற்சிதான். முன்பு கண்ணாடி பிடித்துச் செய்ததை இப்போது வேறு விதமாகச் செய்தேன், அவ்வளவே. உதவிக்கு வரும் வேலைக்கார அம்மாவிடம், உறவினர்கள் வருகிறார்கள், நான் சொல்லும்வரை வர வேண்டாம் என்றேன். அண்ணன் வேலையாக வெளியூர் போயிருந்தான். அப்பா தட்டிக் கூப்பிடும் மணியைத் துடைப்பதற்காக எடுத்தேன். தண்ணீர் ஜாடி மேசையில்தான் இருந்தது. மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். ஹால் ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முதல் நாள் முழுக்க எதுவும் வரவில்லை. பிடிவாதக்காரர். நான் கைபேசியால் டிவியை இயக்கி இரண்டு படம் பார்த்தேன். மறுநாள் காலை படம் நின்றது. தண்ணி என்று வந்தது. டிவி எனக்கு அருவிகளையும் கடலையும் காட்டியது. அது என்னிடம் கேட்டது அல்ல, ரிமோட்டிடம் கேட்டது. அதனால் படத்தைத் திரும்பப் போட்டேன். அன்றைக்குப் பல தடவை வந்தது.

அதற்கடுத்த நாள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், விழுந்துட்டேன் என்று வந்தது. வழுக்கி விழுகிற நகைச்சுவைக் காட்சிகளாக டிவி வரிசையாக அடுக்கியது. ரிமோட்டை விடாமல் பிடித்திருந்தார் போலும். பயத்தில் கையில் இருப்பதை இறுகப் பிடிப்பது மனித இயல்பு.

பிறகு, பாப்பா என்று வந்தது.

திரை முழுக்கக் குழந்தைப் பாட்டுகள். கரடிகளும் முயல்களும் கைகோத்து நின்றன. பாப்பா. மறுபடியும், பாப்பா.

சத்தம் உங்கள் காதில் விழவில்லையா என்று கேட்கிறீர்கள். எழுத்து வரும்போதெல்லாம் படம் நின்றுவிடும், வீடு அமைதியாகிவிடும். காதில் விழுந்தது, ஐயா. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நன்றாகவே விழுந்தது. ஏலக் குரல் இல்லை, ரொம்ப மெல்லிசு. ஆனால் அவர் குரல்தான். எத்தனை வருடம் அந்த ஒரு சொல்லுக்காக ஏங்கியிருப்பேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போகத்தான் எழுந்தேன். ஆனால் அவ்வளவு நாள் ஒளித்து வைத்திருந்ததை இப்போதுதானே தருகிறார், இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்று திரும்பவும் உட்கார்ந்தேன்.

பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் கூப்பிடவே இல்லை. கடைசிவரைக்கும் என்னிடம் பேசக்கூடாது என்றே முடிவு செய்துவிட்டார்.