கண்ணாடி ஏரியில் ஓர் அலை

— சிக்ரிட், வயர்லெஸ் கேக்குதா? விமானத்துல ஏரிக்கு மேல வட்டமடிக்கிறோம், நீ படகுல கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கே!

— அவ்வளவு உயரத்துலேருந்து என் காலு தெரியுதாப்பா? ரொம்ப சந்தோஷம்.

— விளையாடாதே, தாயே. ஆண்டவர் இன்னிக்கு ஏரியைக் கண்ணாடியாத் துடைச்சு வெச்சிருக்கார். தண்ணி எங்க முடியுது, வானம் எங்க தொடங்குதுன்னு புரியல. படகை ஓட்டி அலை கிளப்பு, அப்பத்தான் தண்ணி மட்டம் தெரிஞ்சு எறங்க முடியும்.

— ஏழு வயசுலேருந்து உங்களுக்கு அலை கிளப்புறவளுக்கே பாடமா? கரையை ஒட்டி எறங்குங்களேன்.

— கரையெல்லாம் மரக்கட்டை மிதக்குது.

— அடடா. பக்கத்து சீட்டுல யாரு?

— விருந்தாளி.

— ஆங்கரேஜ் வரைக்கும் போயி விருந்தாளி புடிச்சுட்டு வர்றீங்களாக்கும்! ‘இனி இந்த விமானம் நமக்கு எதுக்கு’ன்னு அம்மாகிட்ட நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சுப்பா. விமானத்தை விலைக்கு வாங்க வந்த ஆளுதானே? ரோடே இல்லாத ஊர்ல இதையும் வித்துட்டு, வாத்து மேல ஏறிப் போவோமா?

— மெல்லப் பேசு. அவங்க காதுலயும் விழுது.

— விழட்டும்னுதான் சொல்றேன். வணக்கம்ங்க! அருமையான விமானம். தண்ணியில நிக்கிறதுக்குக் கீழ ரெண்டு மிதவை இருக்கில்ல, அதுல இடது மிதவை ஓட்டை. காலையில நான் பம்ப் அடிச்சுத் தண்ணி எறைக்கலைன்னா மத்தியானம் மீனுங்கதான் அதுல சவாரி போகும். உங்க பக்கத்துக் கதவு கம்பி போட்டுக் கட்டினது, சாயாதீங்க.

— சிக்ரிட்!

— சீட்டுக்கு அடியில நாத்தம் வருதுங்களா? அப்பா சுட்ட மூஸ் மான். கறி எங்களுக்கு, வாசனை வர்றவங்களுக்கு.

— ஆண்டவரே! நாவைக் காத்துக்கோன்னு ஞாயித்துக்கிழமை தவறாமப் பாடி வளத்தேனே இவளை.

— பாட்டுல குத்தமே இல்லப்பா. குரலுக்குத்தான் பயந்து ஓடிருவேன்.

— பாப்பா, நான்தான் மார்த்தா, விருந்தாளி. மிதவை ஓட்டைங்கிறது நெசமா?

— நெசம்ங்க! மழை வந்தா எஞ்சினும் இருமும்.

— சரி. ஹால்வர், என்னால ஆகாது. எறங்கினதும் என்னைத் திருப்பி அனுப்ப வழி பாருங்க.

— கேட்டியா, சிக்ரிட்? இப்பத் திருப்தியா?

— ரொம்ப சந்தோஷம். ‘விக்க மாட்டேன்’னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அலையும் வரும்.

— விக்கிறேன்னு யாருடி சொன்னா? அவங்க வாங்க வரல. சொல்லிக் குடுக்க வந்தாங்க.

— யாருக்கு?

— அந்த வாத்துக்கு! என் நெஞ்சைச் சோதிச்ச டாக்டர், இனி விமானத்தைத் தொடாதேன்னுட்டார், அம்மாகிட்ட அலுத்துக்கிட்டது அதுக்குத்தான். காலையிலேருந்து ஓட்டுறது அவங்கதான், நான் வெறும் சுமை. வீட்டுல ஓட்ட ஆள் இருந்தாத்தானே விமானம் வீட்டுல நிக்கும்? அடுத்த மாசம் உனக்குப் பதினாறு. சட்டம் உன்னைத் தனியாப் பறக்க விடும். எறங்கினப்புறம் சொல்லி உன் முகத்தைப் பாக்கணும்னு ஆசைப்பட்டேன்.

— அப்பா! இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன!

— நீ பேச விட்டியா?

— மார்த்தா அத்தை, இருங்க, இருங்க! ஓட்டையே இல்ல. எந்த மிதவையிலயும் கொஞ்சம் தண்ணி ஊறத்தானே செய்யும், அவ்வளவுதான். எஞ்சின் பனிக்காலத்துலகூட இருமினதில்ல. கதவுல கம்பியும் கிடையாது, தள்ளிப் பாருங்க... ஐயோ, இப்பத் தள்ளாதீங்க! மூஸ் மான் மட்டும் நெசம்.

— அது எனக்கே தெரியுது. ஓட்டுறவகிட்ட விமானத்தைப் பத்திப் பொய் பேசக் கூடாது. இதுதான் முதல் பாடம். மிதவையை எறங்கினதும் நானே தட்டிப் பாப்பேன். ஓட்டை இல்லைன்னா நாளைக்கு ரெண்டாவது பாடம். இப்ப அலை வருமா?

— இதோ கிளம்பிட்டேன்! பாருங்க, வடக்கால ஒரு சுத்து, அப்புறம் குறுக்கே!

— தெரியுது, நல்லாத் தெரியுது. எறங்குறேன். ஆமா பாப்பா, நீ மேல இருக்கிற அன்னிக்குக் காத்து நின்னு ஏரி இப்படிக் கண்ணாடியாயிட்டா, உனக்கு யாரு அலை கிளப்புறது?

— நான் கிளப்புறேன், மார்த்தா. சிக்ரிட், உன்னை மாதிரி கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன், தாயே.