செம்பனைக் காட்டுப் பிள்ளைகளைத் தேடிப்போன சிவாஜினி அம்மையாருக்கு

அறிவும் அருளும் ஒருங்கே அமைந்த அம்மையீர்! பிஞ்சுக் கைகளிலிருந்து பாரத்தை இறக்கி, அக்கைகளில் பாடநூலை ஏற்றிவைத்த பெருந்தகையீர்! கடமையைக் கண்ணாகவும் கருணையை அக்கண்ணின் இமையாகவும் கொண்டு, ஈப்போ தொழிலாளர் இலாகாவில் அரும்பணி ஆற்றி, இன்று ஓய்வு பெறும் சிவாஜினி பூபாலசிங்கம் அம்மையீர்! உங்களோடு உழைத்தவர்கள், உங்களால் உயர்ந்தவர்கள், உங்களிடம் அவ்வப்போது திட்டும் வாங்கியவர்கள் ஆகிய நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

இத்தகைய மடல்களில் பணியேற்ற நாளும் பெற்ற விருதுகளும் வரிசையாக வருவது வழக்கம். ஆனால் அம்மையார் போன வாரமே தம் யாழ்ப்பாணத் தமிழில் எங்களை எச்சரித்துவிட்டார். "என்னைப் பற்றிப் பொய்யும் புளுகும் எழுதிப்போட்டு, அதுக்குக் கண்ணாடியும் போட்டு, என்ர வீட்டுச் சுவரில மாட்டச் சொல்லாதேங்கோ" என்றார். ஆகவே பொய் கலவாத ஒன்றை அவையோருக்குச் சொல்கிறோம். அன்று அவருக்குக் கார் ஓட்டிய சன்னாசி அண்ணன் கண்ணால் கண்டு எங்களுக்குச் சொன்னது இது. இதன் கடைசிப் பகுதியை மட்டும் அம்மையாரே இன்றுதான் கேட்கப்போகிறார்.

சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு தோட்டம். ஒரு காலத்தில் ரப்பர், பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை. அங்கே சிறுபிள்ளைகள் உதிர்ந்த பழம் பொறுக்கி மூட்டை சுமக்கிறார்கள் என்று இலாகாவுக்குப் புகார் வந்தது. சிவாஜினி அப்போது நடுத்தர வயது அதிகாரி. சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். காரை எடுத்துக்கொண்டு போனார். மரங்களுக்கு இடையில் பெண்கள் இருந்தார்கள், மூட்டைகள் இருந்தன, ஒரு பிள்ளைகூட இல்லை. மறுமுறை போனபோதும் அதே கதைதான். ஆனால் ஈர மண்ணில் சின்னச் சின்னக் காலடிகள் அப்பொழுதுதான் பதிந்த மாதிரி கிடந்தன.

சன்னாசி அண்ணன் தயங்கிச் சொன்னார்: "நம்ம காடி சத்தம் அதுங்களுக்குப் பழகிப் போச்சு மேடம். கேட்ட உடனே ஓடிடுதுங்க லா."

அடுத்த முறை காரைப் பெரிய சாலையிலேயே நிறுத்திவிட்டு அவர் நடந்து போனார். சன்னாசி அண்ணனும் கூடவே போனார். அப்படியும் யாரோ பார்த்துவிட்டுச் சீழ்க்கை அடித்தார்கள். பிள்ளைகள் நாலாபக்கமும் சிதறினார்கள். அவர்களில் ஒரு சிறுமி, பழம் ஏற்ற நின்றிருந்த லாரியின் வெறும் தொட்டிக்குள் தாவிக் குதித்ததைச் சிவாஜினி பார்த்தார். லாரிக்காரர் பார்க்கவில்லை. அவர் பாட்டுக்கு லாரியில் பொருத்தியிருந்த இரும்புக் கரத்தால் பழக்குலைகளை அள்ளித் தூக்கித் தொட்டிக்கு நேராகத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குலையும் ஒரு பெரிய ஆள் சிரமப்பட்டுத் தூக்குகிற கனம், உடம்பெல்லாம் முள்.

சிவாஜினி கத்தினார். இயந்திர இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. சன்னாசி அண்ணன் முன்னால் ஓடி லாரிக்காரருக்குக் கை காட்டுவதற்குள், சேலையை வரிந்து செருகிக்கொண்டு அம்மையார் லாரியின் பக்கச் சட்டத்தில் ஏறி, தொட்டிக்குள் இறங்கிவிட்டார். தலைக்கு மேலே இரும்புக் கரம் அப்படியே நின்றது. குலைகள் அதில் ஆடிக்கொண்டிருந்தன.

மூலையில் கிடந்த தார்ப்பாயை விலக்கினார். பத்து வயதுப் பிள்ளை ஒன்று முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மேலே தொங்குகிற குலைகளை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. அம்மையாரைப் பார்த்துத்தான் நடுங்கியது.

"நான் வேலை செய்யல மேடம். சும்மாதான் வந்தேன். அம்மாவ பிடிச்சிட்டுப் போவாதீங்க."

"நான் ஒருத்தரையும் பிடிக்க வரேல்லை பிள்ளை. எழும்பு, என்ர கையைப் பிடி" என்றார் சிவாஜினி. பிள்ளை கையைப் பிடிக்கவில்லை. தானாக எழுந்து, தானாக இறங்கிப் போனது. அதன் பெயர் தினேஸ்வரி.

காப்பாற்ற வந்தவரைக் கண்டு, கொல்லக்கூடிய இடத்தில் போய் ஒளிந்திருக்கிறதே ஒரு குழந்தை! அந்த எண்ணம் அம்மையாரை உலுக்கியது. லாரிச் சட்டத்தில் சிராய்த்த முழங்காலோடு அவர் கீழே இறங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தாய் வீரம்மா ஓடி வந்தார். மகளை இழுத்து முதுகில் ஓர் அடி வைத்தார், பிறகு கட்டிக்கொண்டார், பிறகு அம்மையாரின் பக்கம் திரும்பினார். அவர் கேட்டதைச் சன்னாசி அண்ணன் இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் சொல்வார்.

"பள்ளிக்கூடத்த டவுனுக்குக் கொண்டு போயிட்டாங்க. பாலம் உடைஞ்சு கிடக்கு, வேன் வராது. வீட்டுல தனியா விட்டா பாம்பு கடிக்கும். எங்கூட கூட்டியாந்தா நீங்க கடிக்கிறீங்க. நான் எங்கதான் வைக்கட்டும் என் பிள்ளைய?"

சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. திரும்பும் வழியில் ஈப்போ நெருங்கியபோது, "அந்தப் பாலத்தை ஒருக்கா இறங்கிப் பார்த்திருக்கலாம், சன்னாசி" என்றார். சன்னாசி அண்ணன் மறுபேச்சு இல்லாமல் காரைத் திருப்பினார்.

தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய குத்தகைக்காரர் மீது அம்மையார் வழக்குத் தொடுத்தார். அது அவர் கடமை. பிள்ளைகள் பெற்றோருக்கு ஒத்தாசை செய்வது குடும்ப வேலைதானே என்று குத்தகைக்காரர் வாதாடினார். காடும் உங்களுடையது, பழமும் உங்களுடையது, வேலை மட்டும் எப்படி அவர்கள் குடும்ப வேலையாகும் என்று அம்மையார் திருப்பிக் கேட்டார். ஆனால் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. பிள்ளைகள் விளையாடத்தான் வந்தார்கள் என்று சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளுக்கெல்லாம் அவருடைய ஆட்கள் சொல்லிவிட்டிருந்தார்கள். அம்மையார் யாரையும் வற்புறுத்தவில்லை. வழக்கை ஒரு கையிலும் பாலத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டார். மாவட்ட அலுவலகத்தில் அவர் தலையைக் கண்டாலே தேநீர் குடிக்க எழுந்து போகிறவர்கள் இருந்தார்கள். திரும்பி வரும்வரை அதே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசினார், வேன்காரரிடம் கெஞ்சினார். பாலம் சரியாகும்வரை வேன் அக்கரையில் வந்து நிற்பது என்று முடிவாயிற்று. முதல் நாள் காலை, பிள்ளைகளைக் கைப்பிடித்து மரப்பலகை மேல் ஆற்றைக் கடக்கவைத்தவர் அம்மையார்தான். தினேஸ்வரி அன்றைக்கு அவர் கையைப் பிடித்தாள்.

சில வாரங்கள் கழித்து வீரம்மா பஸ் ஏறி, நம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நடந்ததைக் கோர்ட்டில் சொல்கிறேன் என்றார். வீடு போய்விடக்கூடும் என்பதை அம்மையார் மறைக்காமல் சொன்னார்.

"தெரியும் மேடம்" என்றார் வீரம்மா. "அன்னைக்கு அந்தக் குலை விழுந்திருந்தா அந்த வீட்டுல நான் யாரோட குடி இருந்திருப்பேன்?"

அவர் சாட்சி சொன்னார். குத்தகைக்காரருக்குத் தண்டனை கிடைத்தது. வீடும் போயிற்று. அன்று மாலையே அம்மையார் தாயையும் மகளையும் தம் சொந்த வீட்டுக்கு அழைத்துப் போனார். இலாகா அதிகாரி இப்படிச் செய்யலாமா என்று மேலிடத்தில் கேட்டார்கள். "வழக்கு முடிஞ்சுது. இனி அவை என்ர விருந்தாளிகள்" என்றார் சிவாஜினி. விருந்து ஓராண்டுக்குக் குறையாமல் நடந்தது. வீரம்மா ஈப்போவில் ஒரு துணிவெளுப்புக் கடையில் வேலை தேடி, அடுக்குமாடியில் வீடு எடுத்த பிறகுதான் அம்மையார் விட்டார். தினேஸ்வரி இன்று லூமுட் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறார். இரவுப் பணியை மாற்றிக்கொண்டு வந்து, இதோ முன்வரிசையில் தாயின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்.

கதை இங்கே முடிந்தால் மடலுக்கு அழகு. ஆனால் அம்மையார் பொய் எழுதக் கூடாது என்றாரே!

வழக்கு முடிந்த கையோடு அந்த லயத்திலிருந்து இன்னொரு குடும்பம் பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல், மூட்டை முடிச்சோடு தெற்கே சுங்காய் ஊர்ப் பக்கம் போய்விட்டது. அந்த வீட்டுப் பிள்ளை தனேஸ்வரன், பள்ளிக்குப் போக ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மையார் சுங்காய் முழுக்கத் தேடினார். தோட்டம் தோட்டமாக விசாரித்தார். கிடைக்கவில்லை. அதன் பிறகு நம்மில் யார் அந்தப் பக்கம் வேலையாகப் போனாலும், "அங்கை தனேஸ்வரன் எண்டு ஒரு பிள்ளை, ஒருக்கா கேட்டுப் பாருங்கோ" என்பார். அந்தப் பிள்ளைக்கு மீசை முளைத்திருக்கும், கல்யாணம்கூட ஆகியிருக்கும் என்று நாங்கள் கேலி செய்தோம். அவர் சிரிக்கவில்லை. தம் பணியில் நல்லது எது என்று கேட்டால் வேறு வேறு சொல்வார். எது குறை என்று கேட்டால் அந்த ஒரு பெயரைத்தான் சொல்வார்.

அம்மையீர்! உங்களுக்குப் பிரிவுப் பரிசாகப் பொன்னாடையும் கைக்கடிகாரமும் வாங்குவதற்கு முன்பு, நாங்கள் சிலர் சுங்காய்க்குப் போய் வந்தோம். செம்பனை ஆலை வாசலில், சாப்பாட்டுக் கடையில், கோயில் திருவிழாக் கூட்டத்தில் விசாரித்தோம். கடைசியில் ஒரு லாரிப் பட்டறையில் தனேஸ்வரன் கிடைத்தார். இஞ்சின் எண்ணெய்க் கையோடு நின்று எங்கள் பேச்சைக் கேட்டார். படிப்பு அத்தோடு நின்றுபோனது என்றார். எழுத்துக் கூட்டித்தான் இன்றும் படிக்கிறாராம். அதில் அவருக்கு வருத்தம் உண்டு, உங்கள்மேல் இல்லை. இவ்வளவு காலமும் ஒருவர் தம்மைத் தேடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, இரட்டைச் சடை.

"என் மகதான். இந்த வருசம் ஒண்ணாம் வகுப்பு. பேரு கலாதேவி" என்றார். "மேடம்கிட்ட சொல்லிடுங்க, அண்ணே. இந்தப் பிள்ளைய நான் ஒருநாளும் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனதில்ல."

நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் நீங்காத நிம்மதியும் உங்களுக்கு வாய்க்கட்டும், அம்மையீர். இனி விடியற்காலையில் எழுந்து காட்டுப் பாதையில் நடக்க வேண்டாம். அந்தப் பாதை எங்களுடையது.

என்றும் உங்கள் அன்பில் வாழும்,
தொழிலாளர் இலாகாப் பணியாளர்கள்,
ஈப்போ, பேரா.