கீழடுக்கின் குறுக்குக் குச்சிகள்

— மூச்சை அடக்குங்கப்பா. தராசு ஆடுது.

— என் மூச்சுக்குக்கூடவா எடை இருக்கு?

— இது நகைக்கடைத் தராசு. நீங்க குனிஞ்சு பேசினாலே கூட்டிக் காட்டும்.

— அப்ப உங்கம்மாவை இந்தப் பக்கம் விட்டுடாதே. சரி, வாயை மூடிட்டேன். எவ்வளவு காட்டுது?

— இருபத்தாறு புள்ளி நாலு.

— கிராமா? நாலு கால், ரெண்டு அடி உசரம், அரை முட்டை எடை. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?

— இன்னும் ஒரு கிராம் இளைக்கணும். போன வருஷம் ஜெயிச்ச டவர் இருபத்தஞ்சரை. அது பதினெட்டுக் கிலோ மணலைத் தாங்கிச்சு. தாங்கின எடையை டவரோட எடையால வகுப்பாங்க, அதுதான் மார்க்கு.

— ஆக, சாப்பாட்டைக் குறைச்சு வேலையைக் கூட்டணும். இந்தப் போட்டியை வச்சவன் என்னை மாதிரி ஒரு கான்ட்ராக்டராத்தான் இருப்பான்.

— சிரிக்க வைக்காதீங்க. பசை இன்னும் காயலை.

— நீ சிரிச்சு ரெண்டு மாசமாச்சு பாப்பா. அதுக்காகத்தானே ஞாயித்துக்கிழமைத் தூக்கத்தை விட்டுட்டு, மொட்டுமொட்டுன்னு உன் மேசைக்கு முன்னால உக்காந்திருக்கேன். சொல்லு, என்ன செய்யணும் நான்?

— அந்தப் பெட்டியை இப்படித் தள்ளுங்க. மிச்சக் குச்சி அதுலதான் இருக்கு.

— பெட்டி மேல ரெண்டு பேர் எழுதியிருக்கே. ஒண்ணை அழிச்சுடு.

— அழிக்க மாட்டேன். என் தோழி பேர் அது. இதுல பாதிக் குச்சி அவ பொறுக்கினது. ஒவ்வொண்ணையும் வளைச்சுப் பார்த்து, எடை போட்டு, லேசானது மேலே, கெட்டியானது கீழேன்னு பிரிச்சு வச்சவ அவதான்.

— வரப் போறதில்லையே அவ.

— அவங்கப்பாவை ஜெயில்ல வச்சிருக்காங்க. எப்படி வருவா?

— நானா வச்சேன்? தண்ணி டேங்க் விழுந்துச்சு. கீழே இருந்த தையல்காரரும், துணி வாங்க வந்த அம்மாவும் செத்தாங்க. டேங்கைத் தாங்கின டவர்ல குறுக்குக் கம்பி ரெண்டைக் காணோம். அதை வெட்டினது வெல்டரான அவங்கப்பன் கை. அவனே ஒத்துக்கிட்டான்.

— நீங்க சொல்லித்தான் வெட்டினேன்னும் சொல்றாரு.

— சொல்வான். பத்தொன்பது வருஷம் என் கூடவே இருந்தவன். எங்க குத்தினா எனக்கு வலிக்கும்னு அவனுக்குத் தெரியாதா?

— நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?

— விசாரணை ஆபீசர் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு. வெட்டச் சொன்னீங்களா? இல்லை. அதோட எழுந்து வந்துடுவேன். காகிதம் இருக்கா? இல்லை. சாட்சி இருக்கா? இல்லை. சந்தையில சரக்கே இல்லாம கடை விரிச்சு உக்காந்திருக்கான், பாவம்.

— அவருக்கு எத்தனை வருஷம் கிடைக்கும்?

— வக்கீல் ஏழுங்கறாரு. ஒழுங்கா இருந்தா அஞ்சுல விட்டுடுவாங்க. அதை விடு, உன் ஒரு கிராமுக்கு வழியைப் பார்ப்போம். டவரைத் தராசுல இருந்து எடுத்து இப்படி நிறுத்து. காது கிட்ட வரணும் எனக்கு.

— காது எதுக்கு?

— நீங்கல்லாம் காலேஜ்ல கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்ப்பீங்க. நான் தட்டிப் பார்ப்பேன். எந்தக் கம்பி பாரம் சுமக்குதோ அது விறைப்பா இருக்கும், தட்டினா குரல் குடுக்கும். சுமக்காதது பொத்துனு சொல்லிட்டு சும்மா இருக்கும். இந்தா, இந்தக் காலை நகத்தால சுண்டறேன் பாரு. கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— இப்போ கீழ் அடுக்குல இந்த முகத்துல இருக்கற ரெண்டு குறுக்குக் குச்சி. கேக்குதா?

— இல்லை.

— சும்மா நிக்குது. மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி. ரெண்டையும் எடுத்துட்டா உன் ஒரு கிராம் வந்துடும்.

— கண்டிப்பாவாப்பா? கீழ் அடுக்கு இது.

— எங்கிட்டயே கேக்கறியா? இருபத்தெட்டு வருஷமா தட்டிட்டு இருக்கேன்.

— அப்ப நீங்களே வெட்டுங்க. இந்தாங்க பிளேடு.

— நான் எதுக்கு? என் விரல் தடிச்ச விரல். நான் சொல்றேன், நீ வெட்டு.

— ம்.

— பார்த்து, காலுல கீறல் விழாம. அவ்வளவுதான். அடுத்தது. வந்துடுச்சு பாரு, வெண்ணெய் மாதிரி. தராசுல வை.

— இருபத்தஞ்சு புள்ளி மூணு.

— ஜெயிச்சாச்சு. போய் அம்மாகிட்டச் சொல்லு, உன் பொண்ணு ஜெயிச்சுட்டான்னு.

— இன்னும் ஏத்திப் பார்க்கலையே. அந்த மேசையை இழுங்க. ரெண்டு மேசைக்கும் நடுவுல ஒரு கை அகலம் சந்து விடுங்க. டவரோட ரெண்டு கால் இந்த மேசையில, ரெண்டு கால் அந்த மேசையில. உச்சியில இந்தக் கட்டை. கட்டையில இருந்து சங்கிலி டவருக்குள்ளாற இறங்கி, சந்து வழியா கீழே வாளி.

— இதையேவா ஏத்தப் போறே? போட்டிக்கு நாலு நாள்தான் இருக்கு.

— பன்னெண்டு கிலோ வரைக்கும்தான். நீங்க மணலை ஊத்துங்க, நான் எண்ணறேன். ஒரு டம்ளர் கால் கிலோ.

— மணல் அள்ளிப் போடறதுதான் என் தொழிலே. எங்க போனாலும் விட மாட்டேங்குது. இந்தா.

— மெதுவா. நாலு... எட்டு... இப்ப ரெண்டு கிலோ.

— அசையலை பாரு.

— ஊத்துங்க. அஞ்சு கிலோ.

— தூண் மாதிரி நிக்குது.

— எட்டு. கொஞ்சம் நிறுத்துங்க. சரி, ஊத்துங்க. பத்து. பன்னெண்டு. போதும்.

— பார்த்தியா? பார்த்தியா பாப்பா? நிக்குது. ரெண்டு குறுக்குக் குச்சி இல்லாம, பன்னெண்டு கிலோவைத் தூக்கிட்டு நிக்குது. இதை இப்படியே கொண்டு போய் அந்த ஆபீசர் மேசை மேல வைக்கணும். எந்தக் கம்பியால விழுந்துச்சுன்னு சொல்றீங்களோ அந்தக் கம்பியே தேவையில்லைய்யான்னு கேக்கணும்.

— வேர்த்திருக்கு உங்களுக்கு.

— ஃபேனைத்தான் நிறுத்தி வச்சிருக்கியே. ரெண்டு மாசமா இந்த நெஞ்சுக்குள்ள ஒரு கல்லு கிடந்துச்சு. இன்னைக்குத்தான் இறங்கிச்சு.

— இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. போட்டியில மணல் ஊத்த ஊத்த வாளி ஆடும். நிறைய டவர் அப்பத்தான் போகும்.

— இங்க எதுக்கு ஆடணும்? காத்தா அடிக்குது?

— ஒரு விரல் அளவுக்குத்தான்.

— வேண்டாம்.

— ஏன்ப்பா? சும்மா நின்ன குச்சிதானே போச்சு?

— கையை எடு பாப்பா. சொல்றேன்ல, கையை எடு.

— இவ்வளவுதான். தொட்டேன், அவ்வளவுதான்.

— ஐயோ.

— நகருங்க, கால் மேல வாளி.

— கண்ணுல எதுவும் படலையே? காட்டு.

— படலை. கண்ணாடி போட்டிருக்கேன். எந்தப் பக்கம் மடங்குச்சுன்னு பார்த்தீங்களா?

— ரெண்டு மாசமா ஒட்டினதை ஒரு விரலால உடைச்சுட்டியே.

— நானா உடைச்சேன்? எந்தப் பக்கம்னு கேட்டேன்.

— பார்த்தேன்.

— நேரா இறங்கற பாரத்தைக் காலே சுமந்துடும். குறுக்குக் குச்சி இருக்கறது ஆட்டத்துக்கு. அந்த வேலை வர வரைக்கும் அது சும்மாதான் நிக்கும். அதுலயும் நீங்க தட்டினப்போ வாளியே தொங்கலை. ஒண்ணுமே ஏத்தாம தட்டினா எது குரல் குடுக்கும்? அங்கயும் தண்ணி ஏத்தறதுக்கு முன்னாடிதானே ஸ்பேனரால தட்டினீங்க.

— யாரு சொன்னா உனக்கு?

— அப்புறம் ஆறு மாசம் நின்னுச்சு. காத்தடிச்ச அன்னைக்குப் போச்சு.

— ஸ்பேனரால தட்டினேன்னு யாரு சொன்னா? அந்தப் பொண்ணா? அவங்கப்பன் ஜெயில்ல இருந்து கதை கட்டி அனுப்பறானா?

— அவ எங்கூடப் பேசி ரெண்டு மாசமாச்சு. என்னைப் பார்த்தா எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிடறா.

— பின்னே?

— அன்னைக்கு நானும் உங்களோட வந்திருந்தேன். நிஜ டவர் ஒண்ணைப் பக்கத்துல பார்க்கணும்னு நான்தான் கேட்டேன்.

— ஜீப்புல தூங்கிட்டு இருந்தே நீ.

— கண்ணை மூடிட்டு இருந்தேன். வெயில்.

— காதுல பாட்டு மாட்டியிருந்தே.

— சார்ஜ் போயிடுச்சுப்பா. பைப் உள்ள போக வழி இல்லைன்னாரு அவரு. நீங்க தட்டிப் பார்த்துட்டு, சும்மா நிக்குது, வெட்டுன்னீங்க. பைப் போட்டதும் திரும்ப வெல்டிங் வச்சுடலாமான்னு அவரு கேட்டாரு. அதை அப்புறம் பார்த்துக்கலாம்னு சொன்னீங்க.

— சொன்னேன்.

— அந்த அப்புறம் வரவே இல்லை.

— மறந்துட்டேன் பாப்பா. உன் மேல சத்தியமா மறந்துட்டேன். மறுநாள் மழை. அதுக்கு மறுநாள் வேற சைட்டுல கான்கிரீட். விழுந்த செய்தி வந்தப்பத்தான் அந்த ரெண்டு கம்பி ஞாபகம் வந்துச்சு. வேணும்னு செஞ்சேனா?

— இல்லைப்பா. எனக்குத் தெரியும். இதையே நாளைக்கு அங்க சொல்லுங்க.

— சொல்லிட்டு? உங்கம்மா? வேலை பார்க்கற நாப்பது குடும்பம்? உன் படிப்பு? மறந்துட்டேன்னா தட்டிக் குடுத்து அனுப்புவாங்களா?

— அவரை மட்டும் தட்டிக் குடுத்தா வச்சிருக்காங்க?

— சரி, உக்காரு. நிதானமாப் பேசலாம். அவன் வீட்டை நான் பார்த்துக்கறேன். வெளியில வர வரைக்கும் ஒரு குறையும் இல்லாம. உன் தோழியை நானே படிக்க வைக்கறேன், சரியா? அவனுக்கு நல்ல வக்கீல், அதுவும் நான்தான். ஏழு வருஷத்தை மூணாக் குறைச்சுடுவாரு. இன்னும் என்ன? உனக்கு எங்க வந்து நின்னா சரிப்படும், அதைச் சொல்லு.

— பேரம் பேசறீங்கப்பா.

— எனக்கு வேற எதுவும் தெரியாது பாப்பா.

— குச்சியைப் பொறுக்குங்க. கால்ல குத்தும்.

— உன்னை யாரும் கேக்கலை. கேக்கவும் மாட்டாங்க. நீயா வாயைத் திறக்காத வரைக்கும் அன்னைக்கு அந்த ஜீப்புல ஆளே இல்லை. புரியுதா?

— நாளைக்கு உங்களை எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க?

— பதினொண்ணு. எதுக்கு கேக்கறே?

— என்னைப் பத்தரைக்கு வரச் சொல்லியிருக்காங்க. நீங்க பத்து மணிக்கே வந்துட்டீங்கன்னா, முதல்ல உங்களைப் பேச விடச் சொல்லிக் கேக்கறேன்ப்பா.