ஆயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு இடங்கள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலைப் பாசஞ்சரில் உட்கார இடம் கிடைப்பது பெரிய காரியமில்லை. படிக்கிற அளவுக்கு அமைதி கிடைப்பதுதான் கஷ்டம். ஏறக்குறைய மூன்று வருஷம் அந்த வண்டியில் போய்வந்தேன். சீட்டாடுகிறவர்கள், மல்லாட்டைக் கடலையை உடைத்துத் தோலை என் காலடியில் போடுகிறவர்கள், வாயைத் திறந்தபடி உறங்குகிறவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. மாடு அசைபோடுவதைப் பார்த்து யாரும் கோபப்படுவதில்லை.

இதை முதலில் சொல்வது என் சுபாவம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. நான் ஆத்திரக்காரன் இல்லை, ஐயா. நடந்தது எதுவும் ஆத்திரத்தில் நடக்கவில்லை. மெதுவாகவே சொல்கிறேன். உங்கள் எழுத்தர் பக்கத்துக்கு மூன்று பிழை விடுகிறார். அவருக்கும் வசதியாக இருக்கும்.

என் பெயர் தேவநாதன். திருவாமாத்தூரில் எங்களுக்குக் கழனி இருக்கிறது. நான் சென்னையில் பொறியியல் படித்தவன். திண்டிவனத்துக்கு வெளியே இருந்த அந்த ஆலையில் கம்ப்யூட்டர் என் பொறுப்பில் இருந்தது. என்ன ஆலை என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதிக்கொள்ளட்டும். எண்ணெய் ஆட்டியபின் மல்லாட்டைப் புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் ஒட்டியிருக்கும். அதை ஹெக்சேன் என்ற திரவத்தில் கரைத்து எடுப்பார்கள். பெட்ரோல் மாதிரி நெடி அடிக்கும், பெட்ரோலைவிடச் சீக்கிரம் ஆவியாகும். அந்த ஆவி ஷெட்டுக்குள் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் ஒரு பொறி போதும். சேரவிடாமல் வெளியே இழுத்துத் தள்ள ஒரு பெரிய ஃபேன் உண்டு.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அந்த ஃபேனைப் போட்டுக்கொண்டிருந்தது பச்சைமுத்து என்பவனுடைய மூக்கு. அரை மணிக்கு ஒரு முறை ஷெட்டுக்குள் போய் மோந்து பார்ப்பான். நெடி அதிகம் என்று தோன்றினால் சுவிட்சைப் போடுவான். பதினோரு வருஷம் ஓர் ஆலையின் பாதுகாப்பு ஓர் ஆளின் மூக்கில் இருந்தது என்றால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1986-ல் முதலாளி விருத்தாசலம் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து கம்ப்யூட்டர் வாங்கினார். ஷெட்டில் ஆவியை அளக்கும் கருவியிலிருந்து ஒரு கம்பி என் அறைக்கு வந்தது. அளவு மீறினால் கம்ப்யூட்டர் மணியடித்துத் தானே ஃபேனைப் போட்டுவிடும். இதை ஏற்பாடு செய்தவன் நான். அதன் பிறகு கைச்சுவிட்சை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னேன். இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்யக் கூடாது. சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது.

1988 ஜூன் மாதத்திலிருந்து பச்சைமுத்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தான். "அந்தக் கம்ப்யூட்டர் பொட்டி நடுவுல தூங்கிடுதுங்க சார். இங்க நெடி ஏறிக்கினே இருக்குது, அங்க நம்பரு அப்படியே நிக்குது." முதலாளி முன்னால் ஒருமுறை இதைச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் திரையில் எண்கள் மாற ஆரம்பித்துவிட்டதால் நான் சிரித்தேன். முதலாளியும் சிரித்தார். அவனைத் தவிர அறையில் சிரிக்காமல் நின்றது ஜெயம் மட்டும்தான்.

ஜெயத்தை டைப் அடிக்க எடுத்திருந்தோம். திருவக்கரைப் பக்கத்துக் கிராமம். அம்மா சவுரியம்மாள் அடுத்தவர் கழனியில் மல்லாட்டை பிடுங்கிப் பிள்ளையைப் பி.எஸ்சி. கணக்கு படிக்க வைத்திருக்கிறாள். இதைச் சாதி பேசுவதற்காகச் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தோம் என்பது ஒருவர் படிக்கிற விதத்தில் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். அவள் விரலை வைத்துப் படிப்பாள். அவள்தான் முதலாளியின் எதிரில், "சார், அந்தண்ணன் சொல்றது நெசமா இருக்கலாம் சார்" என்றாள்.

சரி, தேடிப் பார் என்றேன்.

கம்ப்யூட்டரையே நடத்துகிற ஆதி நிரல் ஒன்று இருக்கிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்போம். அதன் மூலவரிகள் முழுவதையும் சென்னைக் கம்பெனி அச்சடித்துப் பதினான்கு தடித்த கட்டுகளாகக் கொடுத்திருந்தது. அதில் ஸ்லீப் என்று ஒரு சொல் வரும். ஒரு வேலைக்கு அந்த நேரத்தில் செய்ய ஒன்றுமில்லை என்றால் கம்ப்யூட்டர் அதைத் தூங்க வைத்துவிட்டு வேறொன்றைப் பார்க்கும். எதிர்பார்த்த தகவல் வந்ததும் தூங்குவதை எழுப்பும். பெட்டி தூங்குகிறது என்றுதானே புகார். ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வருகிற வரிகளையெல்லாம் எடுத்துத் தரும் கட்டளை உண்டு. ஸ்லீப் என்று கொடுத்தேன். அச்சு இயந்திரம் நிற்காமல் ஓடியது. ஆயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு இடங்கள். அந்தக் காகிதச் சுருளை அவள் கையில் கொடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

தண்டனையாகத்தான் கொடுத்தேன், மறைக்கவில்லை. அத்தனை சாதாரணமான சொல்லைத் தேடுவது தேடாமலிருப்பதற்குச் சமம். சொல் இருக்கிற இடத்தை இயந்திரம் காட்டும். அங்கே தப்பு இருக்கிறதா என்பதை மனிதன்தான் கட்டுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பத்து நாளில் அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தேன்.

அவள் அழவில்லை. டைப் வேலையை முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு நோட்டில் கோடு போட்டு, இந்தப் பக்கம் தூங்குகிற வரி, அந்தப் பக்கம் அதை எழுப்புகிற வரி என்று ஜோடி சேர்த்துக்கொண்டே போனாள். பாதி இடங்களில் அந்தச் சொல் வெறும் விளக்கக் குறிப்பு, அவற்றையும் விடவில்லை. கேப்பையில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கினாள். அதற்குப் பெயர் புத்தி இல்லை, ஐயா. பொறுமை. அது அந்த வீடுகளில் நிறைய உண்டு.

பதினோரு வாரம் கழித்து, செப்டம்பர் பதினாலாம் தேதி, நோட்டோடு வந்து நின்றாள்.

"சார், எல்லா எடத்துலயும் ஜோடி இருக்கு. ஒரே ஒரு எடத்துல மட்டும், ஷெட்டுக் கம்பி வர்ற எடத்துல, சில சமயம் எழுப்புறது மொதல்ல வந்துடுது சார், தூங்கறது பின்னாடி வருது. அப்பறம் யாரு எழுப்புவாங்க?"

நான் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தேன். தகவல் வந்திருக்கிறதா என்று நிரல் பார்க்கிறது. இல்லை. சரி, தூங்கலாம் என்று முடிவெடுக்கிறது. முடிவெடுப்பதற்கும் தூங்குவதற்கும் நடுவில் நொடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. சரியாக அந்த இடைவெளியில் தகவல் வந்தால், எழுப்புகிறவன் எழுப்பிவிட்டுப் போய்விடுவான். அதற்குப் பிறகு இவன் படுப்பான். வேறு ஏதாவது தற்செயலாக உலுக்கினால் உண்டு. இல்லையென்றால் அப்படியே கிடப்பான். மணி அடிக்காது. ஃபேன் ஓடாது. திரையில் பழைய எண் நிற்கும்.

ஐந்து நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் சொன்னது சரி.

"தப்பாப் புரிஞ்சிக்கினு வந்திருக்கே" என்றேன். "நல்லாப் படிச்சிட்டு வா."

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலமே திருத்தத்தை எழுதிவிட்டேன். நான்கு வரி. அதை என் சொந்தக் கோப்பில் வைத்தேன், கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். ஏற்றினால் அடுத்த நாளிலிருந்து பெட்டி தூங்காது. தூங்கவில்லை என்றால் தான் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பச்சைமுத்துவுக்கும் தெரியும். சரஸ்வதி பூஜைக்கு ஐந்து வாரம் இருந்தது. அன்று சென்னைக் கம்பெனிக்காரர்கள் ஆலைக்கு வருவதாக இருந்தார்கள். அவர்களுடைய நிரலிலேயே இருந்த தப்பை முதலாளி முன்னால் அவர்களுக்கு நான் எடுத்துக் காட்டுவது என்று வைத்திருந்தேன். இதில் பேராசை ஒன்றுமில்லை. ஐந்து வாரம் என்பது பெரிய காலமும் இல்லை.

அக்டோபர் ஏழு, வெள்ளிக்கிழமை. மாதத்தின் முதல் வெள்ளி என்று ஜெயம் சர்ச் பூசைக்காக மத்தியானமே லீவு சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இரண்டரை மணி இருக்கும். பச்சைமுத்து என் அறைக்குள் வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. அதைக் கவனித்தது ஞாபகம் இருக்கிறது.

"சார், நெடி தாங்கல சார். அந்தச் சாவியக் குடுங்க, ஒரு தபா ஃபேனப் போட்டுட்டு வந்துர்றேன்."

நான் திரையைப் பார்த்தேன். எண் சாதாரணமாக இருந்தது. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மாறவே இல்லை. சாதாரணமாக அது கடைசி இலக்கத்திலாவது ஆடிக்கொண்டே இருக்கும்.

"திரையில ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"உள்ள ஆறு பொம்பளைங்க புண்ணாக்கு வாரிக்கினு இருக்காங்க சார். அஞ்சம்மாளும் உள்ளதான் இருக்குது."

அஞ்சம்மாள் அவன் பெண்சாதி.

நான் நினைத்ததைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டி தூங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். சாவியைக் கொடுத்தால் கைச்சுவிட்சு போட்ட நேரம் ஆலையின் ரிஜிஸ்டரில் ஏறும். கம்ப்யூட்டர் ஏன் போடவில்லை என்று சனிக்கிழமையே முதலாளி கேட்பார். ஜெயம் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். சரஸ்வதி பூஜைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. இதற்கு முன் ஆறேழு தடவை தூங்கி, ஒன்றும் ஆகாமல் தானாக விழித்திருக்கிறது. இந்த முறையும் விழிக்கும் என்று எடுத்துக்கொள்வதற்கு எனக்குக் காரணம் இருந்தது.

"போய் உன் எடத்துல உட்காரு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்துவிட்டு ஓடினான். உத்தரவு எதுவும் இல்லாமல் ஷெட்டுக்குள் போய்ப் பெண்களை ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டிருக்கிறான். நாலு பேர் வந்துவிட்டார்கள். தூரத்து மூலையில் இருந்த அஞ்சம்மாளும் வெள்ளையம்மாளும் வந்துகொண்டிருந்தார்கள். யார் கையிலிருந்த சட்டியோ இரும்பில் உரசிப் பொறி பறந்திருக்க வேண்டும். ஷெட் வெடித்ததில் என் அறையின் ஜன்னல் கண்ணாடி மேசை மேல் கொட்டியது. எனக்குக் காயம் இல்லை.

எல்லோரும் ஷெட்டை நோக்கி ஓடினார்கள். கம்ப்யூட்டர் தனி ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடித் துண்டுகளைத் தட்டிவிட்டு உட்கார்ந்து அந்த நான்கு வரியை ஏற்றினேன். முழு நிரலையும் திரும்பத் தயார் செய்ய நாற்பது நிமிடம் பிடித்தது. அதற்குள் அன்றைய அளவுகள் பதிந்திருந்த கோப்பை அழித்தேன். பிறகு வெளியே போய், சூடு ஆறியிருந்த சுவிட்சுப் பெட்டியைத் திறந்து சாவியை அதிலேயே விட்டுவிட்டு வந்தேன். முதல் விசாரணைக்கு வந்தவர்கள் மூன்று நாள் கம்ப்யூட்டரைச் சோதித்தார்கள். அது ஒருமுறைகூடத் தூங்கவில்லை. பெட்டி திறந்திருந்தது, சாவி இருந்தது, பச்சைமுத்து சுவிட்சைப் போடாமல் சாப்பாட்டுக்குப் பின் தூங்கிவிட்டான் என்று எழுதினார்கள், போலீஸ் அவனைப் பிடித்துப் போனது. தப்பித்த நாலு பெண்களின் சாட்சியத்தை எழுதியது ஆலைக் கிளார்க். சொல்லிக் கொடுத்தது நான். அவர்கள் கைநாட்டு வைத்தார்கள். வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

பச்சைமுத்து சிறையிலிருந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு ஜாமீனில் வந்தான். நான் ரயிலுக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்தான். "சாவி கேட்டேனா இல்லையா சார், நீங்களே சொல்லுங்க" என்றான். சத்தம் போடவில்லை. நிஜமாகவே சந்தேகத்தில் கேட்கிற மாதிரி கேட்டான். நீ கேட்கவில்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனான். ஒருவேளை நம்பிவிட்டானோ என்னவோ. அப்படிப்பட்டவர்களை எதையும் நம்ப வைக்கலாம்.

நான் பேசாமலிருந்தால் இது இப்படியே முடிந்திருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். ஜெயம் தன் நோட்டை உங்களிடம் கொடுத்ததால்தான் இந்த மறுவிசாரணை. ஆனால் நோட்டு ஒன்றையும் நிரூபிக்காது. தப்பு இப்போது நிரலில் இல்லை, எப்போது திருத்தப்பட்டது என்று சொல்ல என்னைத் தவிர ஆளில்லை. நீங்களும் என்னைக் குற்றவாளியாகக் கூப்பிடவில்லை. விஷயம் தெரிந்த சாட்சி என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டீர்கள். டீ கொடுத்தீர்கள். வரைவு அறிக்கையைக் கையில் கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றீர்கள்.

படித்தேன். அதனால்தான் இவ்வளவும் சொன்னேன். சாவியைக் கொடுக்காதவன் நான். தெரிந்தே கொடுக்கவில்லை. அஞ்சம்மாள், வெள்ளையம்மாள் இருவருடைய சாவுக்கும் என் பெயரைப் போடுங்கள், ஆட்சேபணை இல்லை. பச்சைமுத்துவை விட்டுவிடுங்கள், அவனை வைத்துக்கொண்டு யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஆனால் நாலாம் பக்கத்தில், நிரலில் இருந்த தவறைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஜெயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அவள் தேடினாள், அவ்வளவுதான். கண்டுபிடித்தது நான்.